தறிக்குழிக்கு ஒரு வீடு

வீட்டுத் தரகுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். “உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்போடு நின்றவன். நடந்ததைச் சொல்கிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வில்லங்கம் பார்ப்பது, எல்லை அளப்பது, பத்திரம் எழுத ஆள் பிடிப்பது எல்லாம் நாலு தரம் கூடவே போய் வந்தால் தானாக வந்துவிடும். அதை நான் சொல்லப் போவதில்லை. விலை குறைந்த வீடு தேடி வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். காசுள்ளவருக்கு ஒரு வீடு தப்பாகப் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்வார். இல்லாதவர் ஆயுசில் ஒரு தரம்தான் வாங்குவார். அந்த ஒரு தரம் நம் கையில் இருக்கிறது. இது நினைப்பில் இருந்தால் போதும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். நூல் இன்னும் அளந்துதான் கிடைத்தது. அருப்புக்கோட்டையில் நெசவுத் தெருக்களில் பாதித் தறி ஓடும், பாதித் தறி சும்மா கிடக்கும். அப்போது சௌடம்மா என்ற நெசவுக்காரப் பெண் என்னைத் தேடி வந்தாள். கூடப் புருஷன் வீரபத்திரன். இரண்டு தறி வைத்து, ஆளுக்கு ஒன்றாக நெய்தார்கள். வீட்டுக்குள் கன்னடம் பேசுவார்கள். வெளியே நம் பேச்சுத்தான்.

அவர்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரர் மகன் பட்டாளத்திலிருந்து திரும்பிவிட்டான். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆடியில் நம் பக்கம் யாரும் குடி போக மாட்டார்கள். ஆனி முடிவதற்குள் போயாக வேண்டும். ஆனி பாதி போயிருந்தது.

“வாடகைக்கே இன்னொரு வீடு பாத்துத் தாரேன் தாயி. அவசரத்துக்கு அதுதான் தோது” என்றேன்.

“வேணாம்ணே. சொந்தமா வேணும்.”

“கையில இருக்கிறதுக்கு டவுனுக்குள்ள அமையாதே.”

“அமையிற எடத்துல பாருங்க. மூணு வீடு மாறிட்டோம். ஒவ்வொரு வீட்டுலயும் தறிக்குக் குழி தோண்டுறோம். போகையில அதை மூடி, மெழுகி, குடுத்துட்டு வாரோம். இனிமே நான் தோண்டுற குழியை எவனும் மூடச் சொல்லக் கூடாது.”

நகையை விற்றுவிட்டாள் என்று வீரபத்திரன்தான் பிறகு சொன்னான். சொல்லும்போது அவள் கழுத்தைப் பார்த்தான். மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

உங்களில் தறி பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குழித்தறியில் நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். மண்ணை ஒட்டியே நூல் இருப்பதால் லேசான குளுமை கிடைக்கும். நம் வெயிலுக்கு அது இல்லாவிட்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும். அதனால் அவர்களுக்குச் சுவர், கூரை எல்லாம் அப்புறம். முதலில் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே பாவு, அதாவது நெடுக்கு நூல், நீட்ட நேரான தெரு வேண்டும். நூலுக்குப் போடுகிற கஞ்சி காய்ச்ச ரொம்ப உப்பில்லாத தண்ணீர் வேண்டும். மற்றவர்களுக்குக் காட்டுகிற வீட்டை இவர்களுக்குக் காட்ட முடியாது.

நெசவுத் தெருவிலேயே ஒரு வீடு விலைக்கு இருந்தது. அதையும் காட்டினேன். வாங்க முடியாத வீட்டை எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்றைப் பார்த்தால்தான் அடுத்ததை அளக்க முடியும். குழி தயாராக இருந்தது. தெரு நேராக இருந்தது. அவள் கையில் இருந்தது பாதி விலைக்குத்தான் காணும். சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்ல வீடு. அடுத்ததைக் காட்டுங்க” என்றாள். பெருமூச்சுகூட விடவில்லை.

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் மலிவு அதுதான். அதைப் பார்க்கவே வர மாட்டேன் என்றுவிட்டாள்.

“நூலு வாங்க ஒவ்வொரு தரமும் பஸ்ஸு ஏறணும். கரியில ஓடுற பஸ்ஸு மேட்டைக் கண்டா நின்னுக்கிடுது. நான் பஸ்ஸைத் தள்ளவா, தறி நெய்யவா?”

விருதுநகர் ரோட்டில் ஒரு வீடு. புதுச் சுவர், நல்ல ஓடு, விலையும் கைக்கு அடங்கியது. வீரபத்திரனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்காரரிடம் கேட்டுக் கடப்பாரையை வாங்கி, ஓரத்தில் லேசாக ஒரு குத்துக் குத்தச் சொன்னேன். ணங் என்றது. ஒரு சாணுக்குக் கீழே பாறை.

“மேடை கட்டி, மேல தறி போட்டுக்கிடலாமே” என்றான் அவன். வீட்டின் மேல் அவ்வளவு ஆசை.

“மேடை மேல ஒக்காந்தா ஒன் தலை ஓட்டுல இடிக்கும்” என்றாள் சௌடம்மா. “குனிஞ்சே நெய்வியா?”

“வெடி வைச்சா குழி விழும். ஆனா அப்பறம் வீடு இருக்காது” என்றேன். அவன் சிரித்துவிட்டான். வந்துவிட்டோம்.

ஆனி குறைந்துகொண்டே போனது.

அப்புறம்தான் இருளப்பன் வீடு. டவுனிலிருந்து திருச்சுழி ரோட்டில் நடந்து போகிற தூரத்தில் ஒரு சிறு ஊர். எல்லாம் சம்சாரிகள், வெள்ளாமைக்காரர்கள். பருத்தி, சோளம், கம்பு. இருளப்பனுக்கு நரிக்குடிப் பக்கம் மனைவி வழியில் கண்மாய்ப் பாசன நிலம் வந்திருந்தது. அங்கே போய்விடுவது என்று தீர்மானம். அவருக்கும் ஆடிக்கு முன்னால் கிளம்ப வேண்டும்.

மண்சுவர், நாட்டு ஓடு. உள்ளே பட்டாசாலை, நடுக்கூடம், நீளமாக இருந்தது. இரண்டு தறி வரிசையாகப் போடலாம். கிழக்கே ஜன்னல். வீரபத்திரன் தெருவை நடந்து பார்த்துவிட்டு வந்து தலையாட்டினான். சௌடம்மா கிணற்றில் இறைத்த தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள்.

“கஞ்சிக்கு ஆகும். குடிக்க ஊரணிக்குப் போய்க்கிடலாம்” என்றாள்.

விலையும் ஒத்து வந்தது. இருளப்பன் மனைவி பேச்சியம்மாள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

“தறியை எங்கன போடுவீக?” என்று இருளப்பன் சாதாரணமாகக் கேட்டார்.

“இங்கதான், பட்டாசாலையில. ரெண்டு குழி” என்றான் வீரபத்திரன்.

“குழியா?” மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார். “கூரைக்குக் கீழ குழியா? நல்லா இருக்கே கதை. எங்க அய்யா சோளம் அளந்த எடம்யா இது. நடுவீட்டுல குழி விழுந்தா வித்தவன் குடும்பமும் வெளங்காது. தரகரே, யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீரு?”

“அவுக தொழிலு அது அண்ணாச்சி.”

“தொழிலை வேற எங்கனயாச்சும் தோண்டச் சொல்லும்.”

இந்த நேரம் பார்த்து ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பருத்தி யாவாரி. அவருக்கும் இந்த வீட்டின் மேல் கண். மூட்டை அடுக்க இடம் வேண்டும். அச்சாரத்தை மடியிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

இருளப்பனுக்குத் தெம்பு வந்துவிட்டது. “இவுகளுக்குக் குழி வேண்டாம். மூட்டை அடுக்கணும், அம்புட்டுத்தான். பொழுது சாயிறதுக்குள்ள யாரு அச்சாரம் தாறாகளோ, வீடு அவுகளுக்கு” என்றார்.

வீரபத்திரன் என்னைத் தனியாக இழுத்தான். வியர்த்திருந்தான். “அண்ணே, குழி பேச்சை விடுங்க. தெரியாமச் சொல்லிட்டேன். அச்சாரத்தைக் குடுத்துடுவோம். அவுக நரிக்குடி போன பெறகு தோண்டிக்கிட்டா யாரு கேக்கப் போறா?”

இந்த இடத்தில்தான் நம் தொழில் இருக்கிறது. கேளுங்கள்.

எனக்கு எந்தப் பக்கம் முடிந்தாலும் தரகு உண்டு. அவன் சொன்னபடி விட்டிருந்தால் மாலைக்குள் முடிந்திருக்கும். பொழுது போய்க்கொண்டிருக்கிறது, யாவாரி மடியைத் தடவுகிறார், வாங்குகிறவன் கெஞ்சுகிறான். இப்படி நாலு பக்கமும் நெருக்கும்போது நான் என்னையே ஒன்று கேட்டுக்கொள்வேன். இந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எது?

மழை. ஆனியில் எந்த வீடும் உலர்ந்துதான் இருக்கும். ஐப்பசியில் இந்தத் தரைக்குள் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கரிசல் மண். குழிக்குள் தண்ணீர் ஊறினால் மிதியும் போச்சு, நூலும் போச்சு. பிறகு அந்த வீடு அவளுக்கு எதற்கு? அடை மழையில் திறந்து பார்க்கவேண்டிய மண்ணை ஆனியில் எப்படிப் பார்ப்பது?

முற்றத்து மூலையில் ஒரு கல்பலகை கிடந்தது. சுற்றிலும் சாணி மெழுகி மெழுகித் தடித்துப் போயிருந்தது. வந்ததிலிருந்து என் கண் அதன் மேல்தான்.

“அண்ணாச்சி, அந்தப் பலகைக்குக் கீழ என்ன?”

“சோளக்குழி. முன்ன தானியம் கொட்டி வைப்போம். இப்ப அதுல வைக்கிறதில்ல.”

“ஏன் வைக்கிறதில்ல?”

அவர் மாட்டுவண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தொறந்து பாத்துக்கிடலாமா?”

“வெறுங்குழியில என்னத்தைப் பாக்கப் போறீரு?” என்றார். ஆனால் யாவாரி பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். “பாத்துட்டுப் போம்” என்றார்.

பலகையை நெம்பித் தள்ளினோம். கீழே இருட்டு. புளித்த வாடை அடித்தது. வீரபத்திரனுக்கு அவசரம். இந்த வேலை முடிந்தால் வீடு கிடைத்துவிடும் என்ற நினைப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டான். நான் அவன் வேட்டியையும் அரைக்கயிற்றையும் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். மல்லாந்து விழுந்தான்.

“என்னண்ணே!”

“லாந்தரை மொதல்ல எறக்கு.”

பேச்சியம்மாள் லாந்தரைக் கொளுத்திக் கொடுத்தாள், கயிற்றில் கட்டி இறக்கினோம். பாதி தூரம் போனதும் சுடர் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அணைந்துவிட்டது. சம்சாரி வீடுகளில் இப்படிக் குழிக்குள் இறங்கி ஏறாமல் போனவர்கள் உண்டு. சௌடம்மா புருஷன் தோளில் ஒரு அடி வைத்தாள்.

யாவாரி வண்டியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். “தரகரே, வீட்டை விக்கிறீகளா, ஆளைக் காவு குடுக்கிறீகளா?”

பெரிய வேப்பங்கொப்பை ஒடித்துக் கயிற்றில் கட்டி, குழிக்குள் விட்டு மேலும் கீழும் இழுக்க வேண்டும். கெட்ட காற்று வெளியேறும். சௌடம்மாதான் இழுத்தாள். நான் மாற்றிவிடுகிறேன் என்றேன், தரவில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “பொழுது போகுது” என்று இருளப்பன் சொன்னார். “போகட்டும்” என்றாள். இழுப்பதை நிறுத்தவில்லை.

மறுபடி லாந்தரை இறக்கினோம். அடி வரை போயும் நின்று எரிந்தது. வீரபத்திரன் இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. “அண்ணே, சுவத்துல கோடு இருக்கு. தண்ணி நின்ன கோடு.”

“எதுவரைக்கும்?”

“என் இடுப்பு வரைக்கும்.”

யாவாரி எழுந்து உட்கார்ந்தார். “முத்தத்துலயே தண்ணி ஊறுதா? பருத்தியை இங்க அடுக்கினா நான் என்னத்துக்கு ஆகுறது?” என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் மாட்டைத் திருப்பிவிட்டார். வண்டி தெருமுனையைத் தாண்டியதும்தான் இருளப்பனுக்குப் பேச்சு வந்தது.

“வந்த யாவாரியை வெரட்டிட்டீரே. நல்லா இரும்.”

நானும் இது முடிந்தது என்றுதான் நினைத்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். சௌடம்மா நகரவில்லை. குழிக்கு மேலே குனிந்து நின்றாள்.

“அந்தக் கோட்டுல இருந்து மேல பலகை வரைக்கும் முழம் போடு” என்றாள் புருஷனிடம்.

அவன் கையால் அளந்தான். “மூணு முழத்துக்கு மேல இருக்கும்.”

“தறிக்குழி ஒண்ணரை முழம்” என்றாள் என்னிடம். “நம்ம காலுக்கும் தண்ணிக்கும் நடுவுல இன்னும் ஒண்ணரை முழம் மண்ணு இருக்கு.”

யாவாரி தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டார், போய்விட்டார். இவள் தண்ணீர் எங்கே நின்றது என்று பார்த்தாள். வீடு பார்க்கப் போகும்போது குறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். விலை குறைந்த வீட்டில் குறை இருக்கும். அது வாங்குகிறவர் வாழ்க்கையைத் தொடுமா, தொடாதா? அதை அளக்க வேண்டும்.

அவள் அதோடும் விடவில்லை. பேச்சியம்மாளிடம் போனாள்.

“அக்கா, இந்தக் கோடு எந்த மழையில வந்துச்சு?”

“கண்மாய் ஒடைஞ்ச வருசம். ஊரைச் சுத்திக் காடெல்லாம் தண்ணியாக் கெடந்துச்சு. குழியில இருந்த சோளம் பூராம் ஊறி நாறிப் போச்சு. அதுக்கு முன்ன வந்ததில்ல. பெறகும் வரல. அந்தப் பயத்துலதான் வைக்கிறத விட்டுட்டோம்.”

“ஒன்னைய யாரு கேட்டா?” என்றார் இருளப்பன்.

“ஒங்களைத்தான் மொதல்ல கேட்டாக. நீங்க வாயைத் தொறக்கல.”

வீரபத்திரன் மேலே ஏறி வந்தான். மனைவியிடம் கன்னடத்தில் வேகமாக என்னவோ பேசினான். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. ஆனால் விலை பேசச் சொல்கிறான் என்பதற்குப் பாஷை வேண்டுமா? வாங்க வேறு ஆள் இல்லை. இருளப்பனுக்கு நாள் இல்லை. அடித்துப் பேசுகிற நேரம்தான்.

அவன் வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து அமுக்கினேன்.

ஒரு ஆள் நாலு பேர் முன்னால் தலை கவிழ்ந்து நிற்கும்போது அவரிடம் இரண்டு கேட்காதீர்கள். விலையையும் குறை, குழிக்கும் சம்மதி என்றால் மனிதர் வீம்புக்கு வீட்டைப் பூட்டிவிடுவார். ஒன்று கேளுங்கள். எது இல்லாமல் முடியாதோ அதை.

“தாயி, வெலையா, குழியா? ஒண்ணு சொல்லு” என்றேன்.

“குழி.” யோசிக்கவே இல்லை.

இருளப்பன் முந்திக்கொண்டார். “வெலை வேணும்னா கொறைச்சுக்கிடுறேன். குழி மட்டும் ஆகாது.”

வீரபத்திரன் அவளைப் பார்த்தான். நகை விற்ற வீட்டில் அந்தக் குறைப்பு என்னவெல்லாம் செய்யும் என்று அவனுக்குத் தெரியும். நூல் வாங்கலாம். சுவர் பூசலாம். நான் ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாத நேரம் ஒன்று உண்டு. அதையும் பழகிக்கொள்ளுங்கள்.

சௌடம்மா இருளப்பனுக்கு நேராக வந்து நின்றாள்.

“நீங்க சொன்ன வெலையைச் சொன்னபடி வாங்கிக்கங்க. ஒரு பைசா கொறைக்க வேணாம். நீங்க வண்டி ஏறுன மறுநாள் கதவைச் சாத்திக்கிட்டு நான் தோண்டியிருக்கலாம். இவுக அப்படித்தான் சொன்னாக. எனக்கு அது வேணாம். விடிஞ்சா அடைஞ்சா நான் அந்தக் குழியிலதான் ஒக்காரணும். அதுல ஒங்க மனக்கொறை கெடக்கக் கூடாது. நீங்க சம்மதிச்சாத்தான் அச்சாரம். இல்லேன்னா நாங்க ஆனி முடிஞ்சதும் நடுத்தெருவுல நிக்கிறோம். அது எங்க பாடு.”

இருளப்பன் துண்டைக் கையில் எடுத்து முறுக்கினார்.

பேச்சியம்மாள் தொழுவத்துக்குள் போனாள். கடப்பாரையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்து புருஷன் முன்னால் போட்டாள்.

“சித்திரையில நல்ல நாள் பாத்துப் பொன்னேரு பூட்டையில மொத உழவுச் சாலு ஒங்க கையாலதான ஓட்டுவீக? இதுவும் மண்ணுதான். மொதக் குத்து நீங்க போட்டுக் குடுங்க. நீங்களே சந்தோசமாத் தோண்டிக் குடுத்தது யாருக்கு என்ன கெடுதல் பண்ணும்?”

“ஒனக்கு நரிக்குடி போகணும், அதுக்கு என்ன வேணாலும் பேசுவ.”

“ஆமா, போகணும். இவுகளுக்கு இங்க வரணும். எடுங்க.”

நாங்கள் நாலு பேரும் அவரையே பார்த்தோம். அவர் தெருவைப் பார்த்தார், முற்றத்துக் குழியைப் பார்த்தார், கடைசியில் சௌடம்மாவைப் பார்த்தார்.

“எந்த எடம்?” என்றார்.

அவள் உள்ளே போய் ஜன்னல் பக்கம் குதிகாலால் தரையில் நாலு கோடு கிழித்தாள். அவர் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடப்பாரையை ஓங்கினார். மெழுகிய தரை பெயர்ந்தது. ஒரு குத்தோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நெம்பினார், மண்ணை அள்ளி வெளியே போட்டார், மறுபடி குத்தினார். வீரபத்திரன் கையை நீட்டினான்.

“இரும். தொட்ட மண்ணைப் பாதியில குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல” என்றார். முதுகு முழுக்க வியர்வை. கோபம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. வேலை செய்கிற முகம்.

ஒரு கட்டத்தில் நிமிர்ந்து, “போதுமா?” என்று கேட்டார்.

சௌடம்மா விளிம்பில் உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு காலையும் உள்ளே விட்டாள். மிதி இருக்கும் இடத்தைப் பாதத்தால் தடவிப் பார்த்தாள்.

“இன்னும் நாலு விரக்கடை வேணும்ணே.”

அவள் எழுந்து வழிவிட்டாள். இருளப்பன் கடப்பாரையை எடுத்தார்.